பார்க்க ஆரோக்கியமா இருக்குற சமையல்காரம்மா மூலமா வீட்ல டைஃபாய்டு வருமா? வேலைக்கு வைக்கும்போதே டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா?

வரும். அத நான் மறுக்கல. ஆனா உங்க ரெண்டாவது கேள்வி இருக்கே, அதுக்காகத்தான் இவ்ளோ நேரம் உக்காந்து டைப் பண்றேன். வீட்ல யாருக்கோ காய்ச்சல் வந்திருக்கு, சமைக்க வர்ற அம்மா மேல கண்ணு போயிருக்கு, சரிதானே?

டைஃபாய்டு வந்து குணமானவங்கள்ல நூத்துக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சு பேர் வரைக்கும் கிருமி பித்தப்பைல தங்கிடும், அங்க கல் இருந்தா அதுக்கு இன்னும் வசதி. அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, ஆனா மலத்துல வருஷக்கணக்கா கிருமி போகும். கக்கூஸ் போயிட்டு கை சரியா கழுவலன்னா சாப்பாட்டுல ஏறிடும். கொதிக்கிற சாம்பார்ல செத்துடும், தேங்கா சட்னி, தயிர் பச்சடி, நறுக்கி வச்ச பழம் இதெல்லாம்தான் வம்பு.

உடனே எல்லாரும் மேரி மாலன் கதைய எடுத்துட்டு வருவாங்க. நியூயார்க்ல பணக்கார வீடுகள்ல சமைச்ச அயர்லாந்துக்கார அம்மா. 1906ல ‘ஆய்ஸ்டர் பே’ன்னு ஒரு ஊர்ல அவங்க சமைச்ச வீட்ல 11 பேர்ல 6 பேர் படுத்துட்டாங்க. பச்சையா பீச் பழம் வெட்டிப் போட்ட ஐஸ்கிரீம்தான் காரணம்னு ஜார்ஜ் சோப்பர்னு ஒரு இன்ஜினியர் கண்டுபிடிச்சாரு. மேரிய ஒரு தீவுல தனியா கொண்டுபோய் வச்சாங்க, 1910ல இனி சமைக்கக்கூடாதுன்னு சொல்லி விட்டாங்க, துணி துவைக்கிற வேலைல காசு பத்தல, பேர மாத்திக்கிட்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரில சமைக்கப் போய் 1915ல 25 பேருக்கு பரவி ரெண்டு பேர் செத்தாங்க. அது தப்புதான், நான் வக்காலத்து வாங்கல. ஆனா அதுக்கப்புறம் 1938ல சாகுற வரைக்கும் அதே தீவு. அவங்கள மாதிரியே கிருமி சுமந்த டோனி லபெல்லான்னு ஒரு ஆளு நூறு பேருக்கு மேல பரப்பினாரு, அவர யாரும் ஆயுசுக்கும் அடைச்சு வைக்கல. அவரு பேரு உங்கள்ல எத்தன பேருக்குத் தெரியும்?

எங்கம்மா சென்னைல ஒரு அபார்ட்மென்ட்ல சமையல் வேலை. அங்க ஒரு வீட்டுப் பையனுக்கு டைஃபாய்டு. ஸ்கூல் வாசல்ல தினம் பானிபூரி சாப்பிடுற பையன், கீழ தண்ணித் தொட்டி (சம்ப்) மூடி வேற உடைஞ்சு கிடக்கு, அதெல்லாம் யார் கண்ணுக்கும் படல. அம்மாவ லேபுக்கு அனுப்பி விடால் டெஸ்ட் எடுக்க வச்சாங்க, காசு நாங்கதான் கட்டினோம். லேசா பாசிட்டிவ்னு வந்துச்சு, அன்னைக்கே வராதீங்கன்னுட்டாங்க, வாட்ஸ்அப் குரூப்ல போட்டதுல மத்த வீடும் போச்சு. விடால் ரத்தத்துல எதிர்ப்பொருள் பாக்குற டெஸ்ட்ங்க, எப்பவோ கிருமி வந்து போயிருந்தாலும் காட்டும், நம்ம ஊர்ல நிறைய பேருக்கு எடுத்தா ஏதாவது காட்டத்தான் செய்யும். கிருமி சுமக்குறாங்களான்னு பாக்கணும்னா மலத்த கல்ச்சர் பண்ணணும், அதாவது லேப்ல கிருமி வளருதான்னு பாக்கணும், அதுவும் ஒரு தடவ இல்ல, ஏன்னா கிருமி தினமும் வெளிய வராது. இத சொன்ன டாக்டர்தான் அம்மாவுக்கு அதையும் எடுத்தாரு, ஒண்ணுமில்ல. ரிப்போர்ட்ட குரூப்ல போடுங்கன்னு கேட்டேன், பதிலே இல்ல.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த வீட்ல மூணு பாத்ரூம். அம்மா ஒண்ணுலயும் போகக்கூடாது. கீழ வாட்ச்மேன் கக்கூஸ், சோப்பு கிடையாது, பாதி நாள் தண்ணியும் கிடையாது. அங்க போயிட்டு வந்து மேல சட்னி அரைக்கணும். லிஃப்டும் கூடாது, முட்டி வலியோட படி ஏறணும், அது தனிக் கதை.

எல்லா வீடும் இப்படின்னு சொல்லல, நல்லவங்களும் இருக்காங்க, கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. டெஸ்ட் வேணும்னா கல்ச்சர் எடுங்க, செலவ நீங்க ஏத்துக்கோங்க, உங்க வீட்டு ஆளுங்களுக்கும் சேத்து எடுங்க, சட்னி அவங்களும்தான் அரைக்கிறாங்க. பாசிட்டிவ்னா மாத்திரை இருக்கு, டாக்டர் சொல்ற வரைக்கும் சமையல நிறுத்திட்டு சம்பளத்த குடுங்க. எங்கம்மாவுக்கு அந்த மாச சம்பளம் இன்னும் வரல.