இறந்தது எத்தனை மணிக்கு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் துப்பறியும் தொடரில் வரும் போஸ்ட்மார்ட்டம் டாக்டர், ‘மாலையிலிருந்து நள்ளிரவுக்குள் இருக்கலாம்’ என்று இழுக்கிறார். டிவி தொடர்களில் ‘ஒன்பதரை மணி’ என்று பட்டென்று சொல்லிவிடுகிறார்களே? ரத்தத்தை டெஸ்ட் செய்தால் சரியான நேரம் தெரியாதா?

செந்தில், கரூர்

அன்புள்ள செந்தில்,

தெரியாது. உயிர் போனதும் ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறிவிடும். டாக்டர்கள் பார்ப்பது கண்ணை. விழிக்குள் இருக்கும் கூழ் போன்ற விட்ரியஸ் திரவம் தனியே மூடிக் கிடப்பதால், அழுகல் அங்கே தாமதமாகத்தான் எட்டும்.

செல்கள் பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைத்திருக்க ஏடிபி என்கிற எரிபொருள் வேண்டும். இறந்தபின் அது தீர்ந்துவிடும். (தசைகள் விறைப்பதும் இதனால்தான்.) விழித்திரையிலிருந்து பொட்டாசியம் மெல்ல விட்ரியஸுக்குள் கசியும். நேரம் ஆக ஆக அளவு கூடும்.

விழியின் வெளியோரத்தில் ஊசி போட்டு நிதானமாக உறிஞ்ச வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் விழித்திரைச் செல்களும் பிய்ந்து வந்து அளவைக் கூட்டிக் காட்டும். எடுத்த பிறகு உப்புநீரைச் செலுத்தி விழியைப் பழையபடி நிமிர்த்துவார்கள். வீட்டார் முகம் பார்க்க வேண்டுமே.

அப்புறம்தான் கணக்கு. 1963இல் ஸ்டர்னர் என்கிற ஆய்வாளர் சொன்னபடி, பொட்டாசியம் அளவை 7.14ஆல் பெருக்கி 39.1ஐக் கழித்தால் இறந்து எத்தனை மணி நேரம் என்று வரும். 1989இல் ஜெர்மனியின் மாடேயா குழு, 5.26ஆல் பெருக்கி 30.9ஐக் கழிக்கச் சொன்னது. பொட்டாசியம் லிட்டருக்கு 10 மில்லிமோல் (லேபில் இதை அளக்கும் அலகு) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்குப்படி 32 மணி நேரம், இரண்டாவதன்படி 22கூட முழுசாக ஆகவில்லை! இடையில் இருக்கும் பத்து மணி நேரத்தில் கொலைகாரன் கரூரிலிருந்து சென்னைக்குப் போய்க் குளித்துத் தூங்கியே விடலாம்.

இறந்தவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்திருந்தால் தொடக்க அளவே மாறியிருக்கும். வெயிலில் கசிவும் வேகமாகும். உடல் சூட்டை வைத்துச் சொல்லலாம் என்றால், உங்கள் ஊர்க் கோடையில் காற்றே 37 டிகிரியைத் தாண்டும்போது உடல் எங்கே ஆறும்?

அதனால்தான் என் டாக்டர் இழுக்கிறார். இன்ஸ்பெக்டர் நெருக்கினால், ‘கடைசியாக இவரை யார் பார்த்தது, போனை எப்போது எடுத்தார்’ என்று அவரையே திருப்பிக் கேட்பார். அடுத்த அத்தியாயத்தில் கேட்கத்தான் போகிறார்.