காதலிக்கும் தங்கைக்கும் ஒரே சொல்லா?

கேள்வி: ஜப்பானிய மொழி என்-3 தேர்வுக்குப் படிக்கிறேன். ‘மன்யோஷூ’ என்ற பழைய பாடல் தொகுப்பில் காதலன் காதலியை ‘இமோ’ என்கிறான். அந்தச் சொல்லை எழுதும் எழுத்துக்கு அகராதியில் ‘தங்கை’ என்று போட்டிருக்கிறது! நம் ‘அம்மா’தான் ‘இமோ’ ஆனது என்கிறாள் தோழி. உண்மையா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: பதற வேண்டாம். 8ஆம் நூற்றாண்டில் ‘இமோ’ வயதைச் சொல்லும் சொல் அல்ல. மனைவி, காதலி, உடன்பிறந்தாள் என்று தனக்கு நெருங்கிய பெண்ணை ஆண் அழைத்தது ‘இமோ’. அப்படியே பெண் ஆணை அழைத்தது ‘சே’. அத்தை மகன், கணவன், அக்கா புருஷன் மூவருமே நமக்கு ‘அத்தான்’ இல்லையா? இந்தச் சொல்லுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சீன எழுத்து, சீனத்தில் தங்கையைக் குறிப்பது. குழப்பம் அங்கேதான். மற்றபடி, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் கூடுவது அன்றும் குற்றம்தான். உடன்பிறந்தாளை நேசித்த ‘கரு’ என்ற இளவரசன் ‘இயோ’ என்ற இடத்துக்கு நாடு கடத்தப்பட்டதை ‘கோஜிகி’ என்ற பழைய ஜப்பானிய வரலாற்று நூல் (712) சொல்கிறது. தாய் வேறானால் தடையில்லை. பிதாட்சு பேரரசரும் சுய்கோவும் அப்படி மணந்தவர்கள்.

இன்றைய ‘இமோத்தோ’ (தங்கை), இமோ + ஹித்தோ (ஆள்). நடுவில் இருந்த ‘ஹி’ அன்று ‘ஃபி’. அது தேய்ந்து ‘உ’ ஆக, இமோஉத்தோ, பிறகு நெடில் ‘மோ’. தம்பியைக் குறிக்கும் ‘ஒதோத்தோ’வும் கல்யாணத் தரகரைக் குறிக்கும் ‘நக்கோதோ’வும் இதே வழியில் வந்தவை. ஹெயான் காலத்தில் (794–1185) அக்காவும் தம்பிக்கு ‘இமோத்தோ’தான்!

பாடலில் ‘வாகிமோ’ வந்தால் ‘வா கா இமோ’, அதாவது ‘என் இமோ’ என்று பிரியுங்கள். ‘எந்தை’, ‘நுந்தை’ படித்தவருக்கு இது புதிதல்ல.

தோழியின் ‘அம்மா’? ஜப்பானியமும் தமிழும் உறவு என்று வாதிட்டவர் ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ. மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஒன்றிரண்டு சொல் ஒலிப்பில் ஒத்தால் போதாது, ஒரே ஒலிமாற்றம் பல சொற்களில் வரிசையாக வர வேண்டும்.

பேசும்போது ‘மோ’வை இழுங்கள், ‘த்’தை அழுத்தாதீர்கள். ஒற்றை ‘த’ போட்டால் ‘இமோதோ’வை நாம் மெலிதாகப் படித்துவிடுவோம் என்றுதான் தமிழில் இரட்டித்து எழுதியிருக்கிறது. பிறர் தங்கை என்றால் ‘இமோத்தோ-ஸான்’. வெறும் ‘இமோ’ என்று யாரையும் கூப்பிட்டுவிடாதீர்கள். இன்றைய காதில் அது கிழங்கு.