திருவொற்றியூரிலிருந்து பழவேற்காட்டுக்கு ஆறு பைக்: லாரிகளுக்கு நடுவே எப்படி வரிசை பிடிப்பது?

மணலி, மீஞ்சூர், பொன்னேரி வழியில் பயப்பட வேண்டியது வேகத்துக்கு அல்ல, கண்டெய்னர் லாரியின் இடது பக்கத்துக்கு. டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கேபினை ஒட்டி இடதுபுறம் நிற்கும் பைக் அவருக்குத் தெரியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா? நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். டிரெய்லர் இடதுபக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் உள்வாங்கி வரும். சிக்னலில் அந்தச் சந்தில் நுழையவே கூடாது.

அகலமான சாலையில் வலம், இடம் என்று மாறி மாறி வரிசை பிடியுங்கள்: முதல் பைக் லேனின் வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம். நேர் முன்னால் போகும் பைக்குக்கு 2 நொடி இடைவெளி. 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 22 மீட்டர். வளைவு, குறுகிய சாலை, மணல் சிதறிய இடம் என்றால் ஒற்றை வரிசை. புதிதாக ஓட்டுபவர் 2-வது இடத்தில், அனுபவசாலி கடைசியில்.

ஓவர்டேக்கில்தான் குழுக்கள் சொதப்புகின்றன. முன்னால் போனவர் 'வா' என்று கை காட்டுவார். நீங்கள் கிளம்புவதற்குள் எதிரே லாரி வந்துவிடும். ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்தே தாண்ட வேண்டும். தாண்டியவர் உடனே வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவருக்கு இடமிருக்காது. பிரிந்துவிட்டால் துரத்தாதீர்கள், திருப்பங்களில் ஒருவர் நின்று கடைசி ஆள் வந்ததும் கிளம்பினால் போதும்.

திரும்பியதும் உப்புக்காற்று பட்ட செயினைத் துடைத்து செயின் லூப் (மசகு எண்ணெய்) போடுங்கள்.