அடை மாவில் தொடங்குங்கள்

கேள்வி: மகனுக்கு 10 வயது, மகளுக்கு 6. கீரை, காய் எதுவானாலும் தட்டின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. கூடச் சேர்ந்து சமைத்தால் சாப்பிடுவார்கள் என்று பலரும் சொல்ல, ஒருநாள் காலையில் சட்னிக்குத் தேங்காய் துருவ விட்டேன். மகனுக்கு விரலில் கீறல், தரையெல்லாம் தேங்காய், பள்ளி வேனும் போய்விட்டது. போதாக்குறைக்கு, “ஆம்பளைப் பிள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை?” என்கிறார் மாமியார். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பிள்ளைகள் மேல் தப்பில்லை. கொடுத்த வேலையும் நேரமும்தான் சரியில்லை. துருவியின் பல் பெரியவர்கள் விரலையே பதம் பார்க்கும். காலை ஏழரை மணிக்கு யாராலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். “தட்டை எடு, தண்ணி கொண்டா” என்று எடுபிடி வேலை வாங்காமல், ஒரே ஒரு பலகாரத்தை ஊறப்போடுவதிலிருந்து தட்டில் வைப்பது வரை அவர்களிடம் விடுங்கள். முருங்கைக்கீரை அடை இதற்குத் தோதானது. புளிக்க வேண்டியதில்லை, மாவு கொரகொரப்பாக இருப்பதே முறை, வட்டம் கோணினாலும் அடை அடைதான்.

சனிக்கிழமை ராத்திரி முருங்கைக் கொத்தை உலர்ந்த துணியில் இறுக்கிச் சுற்றிவைப்பது சின்னவள் வேலை. மறுநாள் பிரித்து உதறினால் இலை பெரும்பாலும் தானே கொட்டும். ஆறு வயதுக்கு இது மாயாஜாலம்! மிச்சத்தை உருவி, பழுத்த இலையையும் ஈர்க்குகளையும் பொறுக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஈர்க்கு ஒன்று வாயில் குத்தினால் போதும், அந்த வாரம் கீரைப் பேச்சே எடுக்க முடியாது.

நாலு பேருக்கு இட்லி அரிசி 1 கப், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு தலா அரை கப், உளுந்து 2 மேசைக்கரண்டி. மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் தலைதட்டி அளந்து, களைந்து ஊறப்போடட்டும். 3 மணி நேரம் கழித்து ஒரு கடலைப்பருப்பை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டென்று இரண்டானால் ஊறிவிட்டது. நடுவில் வெள்ளையாகக் கட்டி நின்றால் இன்னும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் அடையில் பருப்பு நறநறக்கும்.

மிக்சி உங்கள் கையில்தான். காய்ந்த மிளகாய் 4, சீரகம், பெருங்காயம் சேர்ப்பதும் நீங்களே. மிளகாய் தொட்ட கை நேரே கண்ணுக்குத்தான் போகும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மாவு கரண்டியிலிருந்து ஒழுகக் கூடாது, தொப்பென்று விழ வேண்டும். நீர்த்துவிட்டால் கல்லில் ஒட்டும். ஒரு கரண்டி அரிசிமாவு கலந்தால் சரியாகும். நைஸாக அரைத்துவிட்டாலோ அடை ரப்பர் மாதிரி இழுக்கும், அதற்கு மருந்தில்லை.

பத்துச் சின்ன வெங்காயம் நறுக்குவது மகன் வேலை. அரிவாள்மணை வேண்டாம். சின்னக் கத்தி போதும், ஆனால் மொட்டையாக இருக்கக் கூடாது. மொட்டைக் கத்திதான் அழுத்தும்போது வழுக்கி விரலுக்கு வரும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள். வெங்காயத்தை நீங்கள் இரண்டாகப் பிளந்து கொடுத்தால், தட்டையான பக்கம் கீழே படிந்து உருளாமல் இருக்கும். பிடிக்கும் கையின் விரல்நுனி உள்ளே மடங்கி, கணு மட்டும் கத்தியைப் பார்த்திருக்க வேண்டும்.

வெங்காயம், ஒன்றேகால் டீஸ்பூன் உப்பு, இரண்டு கைப்பிடி கீரை மூன்றையும் வார்ப்பதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். முன்கூட்டியே போட்டால் உப்புக்கு நீர் விட்டு மாவு தளர்ந்துவிடும்.

கல்லுக்குப் பக்கத்தில் மகன் மட்டும், நீங்களும் கூடவே. பருத்திச் சட்டை, கைப்பிடி சுவர்ப்பக்கம். கல் காய்ந்ததும் தீயைக் குறைத்து, ஒரு கரண்டி மாவைப் பரப்பி, நடுவில் ஓட்டை போட்டு, சுற்றிலும் ஓட்டையிலுமாக ஒரு டீஸ்பூன் எண்ணெய். மூடி வைத்து இரண்டு மூன்று நிமிடம், பிறகு திருப்பல். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சைப் பருப்பு வாடை அடிக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுவார்கள்.

முதல் தடவை மகள் கீரையைப் பொறுக்கி ஒதுக்கினால் ஒதுக்கட்டும். “நீயே ஆய்ஞ்ச கீரைதானே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவள் ஆய்ந்ததை அவள் கண்ணெதிரே மறுபடி ஆயவும் வேண்டாம். அடுத்த முறை ஒதுக்குவது குறையலாம், குறையாமலும் போகலாம். கலக்குவது அவள் கையாகவே இருக்கட்டும்.

மாமியாரிடம் வாதாடிப் பயனில்லை. மாவுப் பதம் பார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பேரன் கரண்டியோடு போய், “அப்பத்தா, பதம் சரியா?” என்று கேட்டால், அடுப்படியில் ஆம்பளைக்கு என்ன வேலை என்பதை அவரே மறந்துவிடக்கூடும்.

கீரையும் வெங்காயமும் சேர்க்காமல் கொஞ்சம் மாவு எடுத்துவைத்தால் பிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். திங்கள் சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் அதில் துருவிய கேரட்டைக் கலந்து வார்க்கலாம். துருவுவது நீங்கள்.