சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது எத்தனை நாள்?

கே: எங்கள் வீட்டு ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ஜூன் மாதம் சூரியன் இடது ஓரத்தில் எழுகிறது, டிசம்பரில் வலது ஓரத்துக்குப் போய்விடுகிறது. கிழக்கே உதிக்கும் என்று படித்ததெல்லாம் பொய்யா?

ப: பொய்யில்லை, பாதி உண்மை. நேர் கிழக்கில் உதிப்பது ஆண்டுக்கு இரண்டே நாள்தான்: மார்ச் 20 வாக்கில் ஒன்று, செப்டம்பர் 22 அல்லது 23 வாக்கில் இன்னொன்று. மற்ற நாளெல்லாம் வடக்கே தள்ளியோ தெற்கே தள்ளியோதான் எழும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம். எவ்வளவு தள்ளும் என்பது நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டில் இரு பக்கமும் அதிகபட்சம் 23.4 டிகிரி, 50 டிகிரி அட்சரேகையில் சுமார் 38. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. ஜன்னலில் நின்று நீங்களே அளந்து பார்க்கலாம்.

கே: நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும்தானே?

ப: தினமும் வராது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே இருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு நாள் வரும்; அந்த ரேகைகளின் மேலேயே இருந்தால் ஒரே நாள். அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு ஒருநாளும் கிடையாது. உதாரணமாக, வடக்கே 13 டிகிரியில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் இந்த ‘நிழலில்லா நாள்’ வரும். அந்த நிமிடத்தில் நிமிர்த்தி வைத்த பாட்டிலின் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: இடைப்பட்ட அந்த நான்கு மாதமும் அங்கே நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும்.

கே: டிசம்பர் 21தான் மிகக் குறுகிய பகல் என்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே அஸ்தமனம் தள்ளிப்போக ஆரம்பித்துவிட்டது. என் கணக்கு தவறா?

ப: கணக்கு சரி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். வடக்கே 40 டிகிரியில் மிகச் சீக்கிரமான அஸ்தமனம் டிசம்பர் 7, 8 வாக்கில். மிகத் தாமதமான உதயமோ ஜனவரி முதல் வாரத்தில். பகலின் நீளம் ஒரு பக்கம் மாறுகிறது, பகலின் நடுப்புள்ளி இன்னொரு பக்கம் நகர்கிறது. டிசம்பர் இறுதியில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அரை நிமிடம் தள்ளிப்போகும். உதயம், அஸ்தமனம் இரண்டையும் அது சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

ஏன் தள்ளிப்போகிறது? ஒன்று, பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரி தொடக்கத்தில் சூரியனை நெருங்குவதால் அப்போது வேகம் கூடுதல். இரண்டு, அச்சின் சாய்வு. டிசம்பரில் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன.

ஒரு வருடம் மொட்டைமாடியில் கம்பு நட்டு, வாரம் ஒருமுறை கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். முதல் மழையில் எல்லாம் போச்சு. அப்புறம் பெயிண்டுக்கு மாறினேன். நேர்கோடு வரும் என்று நினைத்திருந்தேன். வந்ததோ ஒல்லியாக நீண்ட ஓர் 8! நவம்பர் தொடக்கத்தில் சூரியன் கடிகாரத்தை 16 நிமிடம் முந்துகிறது, பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பின்தங்குகிறது. அந்த வித்தியாசம்தான் 8-இன் வயிறு.

கே: மார்ச்சில் பகல் மளமளவென்று நீள்கிறது, ஜூனில் அசையவே மாட்டேன் என்கிறதே?

ப: ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வேகம், நுனியில் தயக்கம். மார்ச்சில் சூரியன் நாளொன்றுக்கு 0.4 டிகிரி வடக்கே நகர்கிறது. கிட்டத்தட்ட தன் அகலத்தில் முக்கால் பங்கு. ஜூன் 21-ஐ ஒட்டிய பத்து நாளில்கூட அவ்வளவு தூரம் நகராது.

கே: ஜனவரியில்தான் சூரியன் அருகில் என்றால், வடக்கே அப்போது ஏன் குளிர்?

ப: 14.7 கோடி கிலோமீட்டருக்கும் 15.2 கோடிக்கும் உள்ள வித்தியாசம் பெரிதில்லை. வெயில் சரிந்து விழுவதும் பகல் குறுகுவதும்தான் குளிருக்குக் காரணம்.

கே: மார்ச் 20 அன்று பகலும் இரவும் சரிசமமா?

ப: இல்லை, பகல் 12 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் அதிகம், நிலநடுக்கோட்டிலேயே சுமார் 7 நிமிடம். சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று கணக்கு வைக்கிறோம், அது ஒரு காரணம். வளிமண்டலம் ஒளியை வளைப்பது இன்னொன்று. மாலையில் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் முழுச் சூரியனைப் பார்க்கிறீர்களே, காற்று மட்டும் இல்லாவிட்டால் அது அப்போதே முழுதாக மறைந்திருக்கும்.