நல்ல அட்டைகள் இருந்தும் தோற்பது ஏன்?

கேள்வி: என் மகள் இரண்டு மாதங்களாகக் கைபேசியில் ‘போகிமான் டிசிஜி பாக்கெட்’ என்ற அட்டை ஆட்டத்தை ஆடுகிறாள். அவளோடு சேர்ந்து ஆட ஆசைப்பட்டு நானும் பதிவிறக்கம் செய்தேன். வலிமையான அட்டைகள் என்று அவள் சொன்னவற்றையெல்லாம் ஒரே டெக்கில் (ஆட்டத்துக்கு எடுத்துச்செல்லும் அட்டைக்கட்டில்) அடுக்கி ஆடியும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. அட்டையில் உள்ள ஆங்கிலத்தை வாசித்து முடிப்பதற்குள் நேரமும் ஓடிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: மகளோடு ஆடுவதற்காகவே ஓர் ஆட்டத்தைக் கற்க முன்வந்திருக்கிறீர்கள், உங்கள் கடிதத்தை வாசித்தபோது மனம் நிறைந்தது. நீங்கள் தோற்பதற்குக் காரணம் ஆங்கிலம் அன்று. வலிமையான அட்டைகள் அனைத்தையும் ஒரே டெக்கில் அடுக்கியதுதான்.

1996ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த போகிமான் அட்டை ஆட்டத்தைக் கைபேசிக்காகச் சுருக்கி, 2024 அக்டோபர் 30 அன்று வெளியிட்டார்கள். மூல ஆட்டத்தில் 60 அட்டைகள். இதில் 20 மட்டுமே. ஒரே பெயருள்ள அட்டையை இரண்டுக்கு மேல் வைக்க முடியாது. முன்னால் நின்று சண்டையிடுவது ஒரு போகிமான், அதாவது அட்டையில் உள்ள கற்பனை உயிரினம். அதன் பின்னால் பெஞ்சில் மூன்று வரை காத்திருக்கலாம். எதிராளியின் சாதாரணப் போகிமானை வீழ்த்தினால் ஒரு புள்ளி, பெயரோடு ‘இஎக்ஸ்’ என்று இருப்பதை வீழ்த்தினால் இரண்டு புள்ளிகள். முதலில் மூன்று புள்ளிகள் எடுப்பவருக்கு வெற்றி. பின்னாளில் வந்த ‘மெகா இஎக்ஸ்’ வீழ்ந்தால் மூன்று புள்ளிகளும் ஒரே அடியில் போய்விடும்.

இந்த ஆட்டத்தின் உயிர்நாடி எனர்ஜி, அதாவது தாக்குவதற்குப் போகிமானுக்குத் தேவைப்படும் ஆற்றல். உங்கள் முறை வரும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஒரே ஓர் எனர்ஜி தானாகக் கிடைக்கும். அதை ஏதாவது ஒரு போகிமானுக்குக் கொடுக்கலாமே தவிர, கொடுக்காமல் சேர்த்துவைக்க முடியாது. முதலில் தொடங்குபவருக்கு முதல் முறையில் அதுவும் கிடையாது. ஆகவே நான்கு எனர்ஜி கேட்கும் தாக்குதலுக்கு, வேறு உதவி இல்லையென்றால், நான்கு முறை காத்திருக்க வேண்டும். அதற்குள் எதிராளி இரண்டு எனர்ஜியில் இரண்டு மூன்று தடவை அடித்துவிடுவார். இதோடு, நெருப்பு, நீர், மின்சாரம் என மூன்று வகைப் போகிமான்களையும் ஒரே டெக்கில் வைத்தால், எந்த முறை எந்த எனர்ஜி வரும் என்பது உங்கள் கையில் இருக்காது. மின்சாரத்துக்குக் காத்திருக்கும்போது நீர் வந்து நிற்கும். உங்கள் டெக்கிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனவே ஒரே வகை எனர்ஜி கொண்ட டெக்கிலிருந்து தொடங்குங்கள்.

முதல் தொகுப்பான ‘ஜெனடிக் ஏபெக்ஸ்’ஸில் வந்த பிகாச்சு இஎக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் தாக்குதலுக்கு இரண்டு மின் எனர்ஜி போதும். உங்கள் பெஞ்சில் எத்தனை மின்வகைப் போகிமான்கள் இருக்கின்றனவோ, அவை ஒவ்வொன்றுக்கும் 30 வீதம் கணக்கிட்டு எதிரில் நிற்பதற்குச் சேதம் உண்டாக்கும். பெஞ்சில் மூன்று மின்வகைப் போகிமான்கள் இருந்தால் 90. எதிரில் நிற்பது 120 உயிர்ப்புள்ளி உள்ள, அதாவது 120 சேதத்தில் வீழும் கிரெனிஞ்சா என்ற போகிமான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அதன் பலவீனம் என்பதால் கூடுதலாக 20 சேரும், மொத்தம் 110. இன்னும் 10 குறைகிறது. அடிப்பதற்கு முன் கையில் இருக்கும் ‘ஜியோவானி’ அட்டையை இறக்கினால் அந்த முறைக்கு 10 கூடும். 120 ஆகி கிரெனிஞ்சா வீழ்ந்துவிடும். பெஞ்சில் ஓரிடம் காலியாக இருந்திருந்தால் இதே அடி 90ஆகக் குறைந்து, எதிராளிக்குத் திருப்பி அடிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். பலன் தரும் இத்தகைய சிறு கணக்குகளைப் பழகிக்கொண்டால் ஆட்டம் உங்களுக்குத் திறந்துகொள்ளும். தாக்கியவுடன் உங்கள் முறை முடிந்துவிடும் என்பதால், மற்ற எல்லா அட்டைகளையும் அதற்கு முன்பே ஆடிவிட வேண்டும். ஜியோவானியைப் போன்ற ஆதரவாளர் அட்டையை ஒரு முறைக்கு ஒன்றுதான் ஆடலாம். பொருள் அட்டைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அட்டையின் வலது மேல் மூலையில் உயிர்ப்புள்ளி, தாக்குதலின் பெயருக்கு இடப்புறம் தேவையான எனர்ஜிக் குறிகள், வலப்புறம் சேதத்தின் அளவு, அடியில் பலவீனமும் பெஞ்சுக்குப் பின்வாங்கத் தேவையான எனர்ஜியும் இருக்கும். இவை எல்லாம் எண்களும் படங்களுமே. சிறு எழுத்தில் உள்ள குறிப்புகளை ஆட்டத்தின் நடுவே வாசிக்க முயலாமல், இரவில் நிதானமாக உங்கள் 20 அட்டைகளை மட்டும் மகளோடு உட்கார்ந்து வாசியுங்கள்; சொல்லித்தருவது அவளுக்கும் பெருமையாக இருக்கும். பிறகு கணினியை எதிர்த்து ஆடும் தனி ஆட்டங்களில் பழகுங்கள். அங்கே தானியங்கி ஆட்டத்துக்கான பொத்தான் ஒன்று உண்டு. கற்கும் காலத்தில் அதைத் தொடாதிருப்பது நல்லது.

கேள்வி: இதே ஆட்டத்தில் இஎக்ஸ் அட்டை கிடைக்கும்வரை காசு கொடுத்துப் பேக் (அட்டைகள் அடங்கிய பொதி) வாங்கித் தரச்சொல்லி என் மகன் நச்சரிக்கிறான். வாங்கித் தரலாமா?
— ஒரு தாய், கோவை

பதில்: வேண்டாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நாளொன்றுக்கு இரண்டு பேக்குகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பொதுவாக ஒவ்வொன்றிலும் ஐந்து அட்டைகள். முதல் தொகுப்பில் அரிதானது என்பதைக் காட்டும் நான்கு வைரக் குறி கொண்ட இஎக்ஸ் அட்டை பேக்கின் நான்காவது இடத்தில் வருவதற்கான வாய்ப்பு 1.666 சதவீதம், ஐந்தாவது இடத்தில் 6.664 சதவீதம். சராசரியாகப் பன்னிரண்டு பேக்குகளுக்கு ஏதோ ஓர் இஎக்ஸ் கிடைக்கும் என்பதே இதன் பொருள். உங்கள் மகன் கேட்கும் அதே அட்டை வரும் என்பதற்கு உறுதி இல்லை. காசு கொடுத்துத் திறந்தாலும் இந்த விகிதம் மாறப்போவதில்லை.

திறக்கும் ஒவ்வொரு பேக்குக்கும் 5 பேக் புள்ளிகள் சேரும். 500 சேர்ந்தால் அந்தத் தொகுப்பின் நான்கு வைர அட்டை ஒன்றை அவனே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இலவசப் பேக்குகளை மட்டும் திறந்தால்கூட ஐம்பது நாட்களில் அது கைகூடும், ஆனால் அதுவரை ஒரே தொகுப்பின் பேக்குகளையே திறந்துவர வேண்டும். இந்தக் காலத்தில் அவன் எலக்ட்ரோடு, செப்ஸ்ட்ரைக்கா போன்ற எளிய மின்வகை அட்டைகளை வைத்து ஆடட்டும். எலக்ட்ரோடு பின்வாங்க எனர்ஜியே தேவையில்லை. செப்ஸ்ட்ரைக்கா ஒரே எனர்ஜியில் எதிராளியின் பெஞ்சில் இருப்பதையும் தாக்கும். பிகாச்சு இஎக்ஸ் கைக்கு வரும் நாளில், அதற்குப் பின்னால் பெஞ்சில் உட்காரப் போகிறவையும் இவைதாம்.