பழைய றேஸ் காருக்கு என்ன கூலன்ற்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், பற்றியவை. ஒரு வேண்டுகோள். எந்த எஞ்சின், எந்த வருடம், ரேடியேற்றர் பித்தளையா அலுமினியமா என்று எழுதாமல் "என்ன ஊற்றலாம்" என்று மட்டும் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? அப்படி வந்த நாலைந்து கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

கொட்டாஞ்சேனை: 4ஏ-ஜிஈ எஞ்சின் போட்ட பழைய கொரோலா. கட்டுக்குருந்த ஓடுகளத்தில் ஐந்தாறு சுற்று ஓடியதும் சூடு காட்டும் முள் ஏறுகிறது. இப்போது இருப்பது கூலன்றும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை. இன்னும் கெட்டியாகக் கலந்தால் சூடு குறையுமா?

குறையாது, கூடும். வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே முதலிடம், பாதிக்குப் பாதி கலவை அதைவிடக் கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைவாகத்தான் சுமக்கும். கூலன்றின் முக்கிய திரவமான கிளைகோல் அந்த அளவு இருப்பது -37 பாகை வரை உறையாமல் இருக்க வேண்டிய நாடுகளுக்கு. கொழும்பில் 30 சதவீதம் போதும், அதுவும் துருத் தடுப்புக்காக, ஏனென்றால் உங்கள் எஞ்சினில் அடிப்பாகமான பிளொக் இரும்பு, மேல்பாகமான ஹெட் அலுமினியம், வெறும் தண்ணீர் நின்றால் இரண்டையும் தின்றுவிடும். கொதிநிலையை உயர்த்துவது பெரும்பாலும் ரேடியேற்றர் மூடிதான். அழுத்த அளவு 0.9 என்று அச்சிட்ட மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் தண்ணீர்கூட 118 பாகை வரை கொதிக்காது, ஆனால் இருபது வருடப் பழைய மூடியின் இறப்பர் இறுகிப்போய் அதில் பாதிகூடப் பிடிக்காது. முதலில் மூடியை மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

தெஹிவளை: றேஸ் ஓடுகளத்தில் கிளைகோல் கூடாது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

வெளிநாடுகளில் பல ஏற்பாட்டாளர்கள் தடை செய்திருக்கிறார்கள். தாரில் சிந்தினால் வழுக்கும், தண்ணீர் போல உடனே காயாது, பின்னால் வருகிறவருடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நீங்கள் ஓடப்போகும் போட்டியின் விதிமுறையை வாசியுங்கள். கூடாது என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு, தண்ணீர் உலோகத்தில் நன்றாகப் படிந்து வெப்பத்தை எடுக்க உதவும், துருத் தடுப்பும் உள்ள 'வாட்டர் வெட்டர்' வகைத் திரவம் ஒன்றைக் கலந்து ஓடுங்கள். போட்டி முடிந்து கார் மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் அதை இறக்கிவிட்டுக் கலவையை ஊற்றி நிறுத்துங்கள்.

வெள்ளவத்தை: முன்பு சிவப்புக் கூலன்ற் இருந்தது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் சிவப்பையே பார்த்து வாங்கி நிரப்பினேன். இப்போது தாங்கியில் பழுப்புச் சேறு. கலப்படமா?

கலப்படம் என்று முடிவுகட்ட முன், போத்தலில் நிறத்தைத் தவிர வேறு எதை வாசித்தீர்கள் என்று சொல்லுங்கள். இதை எத்தனை முறை எழுதிவிட்டேன்! நிறம் என்பது கம்பனி போடும் சாயம், அவ்வளவுதான். பச்சை என்றால் இது, சிவப்பு என்றால் அது என்று உலகம் முழுவதற்குமான நியமம் எதுவும் இல்லை. டொயோட்டாவின் சிவப்பும் வொல்க்ஸ்வாகனின் பழைய ஜி12 சிவப்பும் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரியும், உள்ளே வேறு வேறு. ஜப்பான்காரர் துருத் தடுப்புக்குப் பொஸ்பேற் சேர்ப்பார்கள், சிலிக்கேற் சேர்க்க மாட்டார்கள், அது தண்ணீர்ப் பம்பில் கசிவைத் தடுக்கும் 'சீல்' வளையத்தைத் தேய்த்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஐரோப்பியர் பொஸ்பேற்றைத் தவிர்ப்பார்கள், அங்குள்ள கடினமான தண்ணீரோடு சேர்ந்தால் அது படிவாக இறங்கும். பழைய பச்சைக் கூலன்றில் சிலிக்கேற் உண்டு. ஒத்துப்போகாத இரண்டைக் கலந்தால் துருத் தடுப்பு செத்துவிடும், சில கலவைகள் கூழாகவே இறுகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு லான்சரைக் கழற்றினேன். ஓட்டியவர் அதற்காகவே சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர். ஒரு கராஜில் "சிவப்புக்குச் சிவப்பு" என்று மேலே ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ரேடியேற்றர் குழாய்களில் பாதி அடைத்திருந்தது, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் காஸ்கெற் போய், ஹெட்டும் வளைந்திருந்தது. ஒரு போத்தலின் பின்பக்கத்தை வாசிக்காததால் வந்த நட்டம் அது. அதனால் இன்றைக்கே எல்லாவற்றையும் இறக்குங்கள், தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று நாலு தரம் கழுவுங்கள், ஹீற்றரைத் திறந்துவைத்துக் கழுவுங்கள், அப்புறம் உங்கள் எஞ்சினுக்குச் சொன்ன வகையை முழுதாக ஊற்றுங்கள். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத காரில் மேலே ஊற்றுவது என்ற பேச்சே வேண்டாம்.

நுகேகொடை: 1275 மினி, பித்தளை ரேடியேற்றர். ஐந்து வருடம் தாங்கும் புதிய வகைக் கூலன்ற் ஊற்றலாமா?

வேண்டாம். அந்த வகைகள் பலவற்றுக்கு, பித்தளை ரேடியேற்றரை ஒட்டியிருக்கும் ஈயப் பற்றாசு ஆகாது. சிலிக்கேற் உள்ள பழைய வகையே போதும், போத்தலில் இரண்டு வருடம் என்று இருந்தாலும் றேஸ் காரில் வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

மட்டக்குளி: சூடு ஏறுகிறது என்று கராஜ் பாஸ், சூட்டுக்கு ஏற்பக் கூலன்ற் வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டார். சரிதானே?

சரியில்லை. பல எஞ்சின்களில் தேர்மோஸ்ரற் முழுதாகத் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் திரும்பி எஞ்சினுக்குள் வரும். புதிதாக ஒன்று போடுங்கள், சூட்டுக்கு உண்மையான காரணத்தைத் தேடுங்கள். இன்னொன்று, கொதித்துக்கொண்டிருந்த கார் திடீரென முள் இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் போய், சூட்டை அளக்கும் சென்சர் காற்றில் நிற்கலாம். உடனே நிறுத்துங்கள், மூடியைத் தொடாதீர்கள்.

வத்தளை: ரேடியேற்றர் ஒழுக்குக்கு மஞ்சள் தூள் போடலாமா?

கூடாது. ஒழுக்கோடு ரேடியேற்றரையும் அடைக்கும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்து ஓடுபவர்: வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கலாமா?

உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். அந்தச் சுண்ணாம்பு எஞ்சினுக்குள்ளும் படியும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள், அசிட் அல்ல, தண்ணீர்.

பத்தரமுல்லை: தண்ணீரே இல்லாத கூலன்ற் 180 பாகை வரை கொதிக்காதாம். மாறட்டுமா?

கொதிக்காது என்பது உண்மை. ஆனால் அதுவும் கிளைகோல்தான், வெப்பத்தைத் தண்ணீரைவிடக் குறைவாகச் சுமக்கும், எஞ்சின் இன்னும் சூடாகவே ஓடும், ஓடுகளத் தடை அதற்கும் பொருந்தும். அந்தக் காசுக்கு நல்ல அலுமினிய ரேடியேற்றர் ஒன்றைப் பாருங்கள்.

கிருலப்பனை: மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்கு நுவரெலியா போகிறேன். குளிருக்குத் தனிக் கலவை வேண்டுமா?

குளிரை விடுங்கள், 30 சதவீதம் தாராளம். அங்கே உயரம் கிட்டத்தட்ட 1,900 மீற்றர், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் தப்பிய பலவீனமான மூடி அங்கே காட்டிக்கொடுக்கும். தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓடுகளத்தில் ஓடிவிட்டு வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் ரேடியேற்றரின் தகடுகளுக்கு இடையில் உள்ள செம்மண்ணைப் பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

மொரட்டுவை: இறக்கிய பழைய கூலன்றை எங்கே ஊற்றுவது?

வடிகாலில் ஊற்றாதீர்கள். எதிலின் கிளைகோல் இனிக்கும், நாய் தேடிவந்து நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். பிள்ளைகளுக்கும் அதே கதி. சோடாப் போத்தலில் மட்டும் நிரப்பி வைக்காதீர்கள். எண்ணெய் வந்த கானில் ஊற்றி, நஞ்சு என்று பெரிதாக எழுதி, மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழிவு எண்ணெய் சேர்க்கும் கராஜில் கேட்டு, எண்ணெயோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.